இழுத்து எடுக்கும் ஈனும் பெட்டியோடு வந்த முயல் கூண்டு

குட்டி போட்ட முயலுக்குக் கூண்டு தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, தாய் குட்டி போட்டுக் கூடு கட்டும் ஈனும் பெட்டியைத்தான். கூண்டு எத்தனை அடி, சக்கரம் உண்டா, பெயின்ட் அடித்ததா என்பதெல்லாம் அப்புறம். நான் வாங்கியது இரண்டு அறைக் கூண்டு. பெரிய அறை தாய்க்கு. அதன் பக்கத்திலேயே ஒட்டினாற்போல ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறைக்குள் பலகையால் செய்த ஈனும் பெட்டி இருக்கிறது. மேசை இழுப்பறையைப் போல அதை வெளிப்பக்கமிருந்தே இழுத்து எடுக்கலாம். தாய் இருக்கும் அறையின் கதவைத் தொடவே வேண்டாம். கண் திறக்காத குட்டிகளோடு ஒரு தாய் முயலைப் பழைய கூண்டிலிருந்து இதற்கு மாற்றிய பிறகுதான் இந்த அமைப்பின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது. அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதப் போகிறேன்.

அந்தத் தாயின் பெயர் வெள்ளச்சி, நியூசிலாந்து வெள்ளை வகை. சிவந்த கண், நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடை. ஏழு குட்டி போட்டிருந்தாள். பழைய கூண்டின் தரைக் கம்பிகள், அவள் வழக்கமாகச் சிறுநீர் கழிக்கும் மூலையில் துருவேறி ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தன. முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் போகும். துத்தநாகப் பூச்சு போட்ட கம்பியாக இருந்தாலும் அந்த மூலைதான் முதலில் அரிக்கும். விட்டுப்போன கம்பியின் முனை ஊசியாக நிற்கும். தாய்க்கே பாதம் கிழியலாம், குட்டி வெளியே வந்து அந்த ஓட்டையில் கால் விட்டால் எலும்பு ஒடிந்துவிடும்.

பொதுவாகக் குட்டி போட்ட முதல் வாரத்தில் தாயை இடம் மாற்றாமல் இருப்பதே நல்லது. மாற்றுவதென்றால் சினையாக இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். சினைக்காலம் சுமார் 31 நாள், 28ஆம் நாள் வாக்கில் ஈனும் பெட்டியை உள்ளே வைப்பார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்பே அவள் புதுக் கூண்டில் பழகியிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 10 முதல் 12 நாளில் குட்டிகள் கண் திறந்து, உடம்பில் ரோமம் மூடிய பிறகு மாற்றலாம். தரை இற்றுப்போன கூண்டில் அதுவரை விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

பூனைக்கு ஓர் இடம் பிடிக்காவிட்டால் குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு தானே வேறு இடத்துக்குப் போய்விடும். முயல் அப்படிச் செய்யாது. ஒரு குட்டி கூட்டை விட்டு வெளியே விழுந்துவிட்டால், ஒரு சாண் தள்ளி அது குளிரில் துடித்துக்கொண்டிருந்தாலும் தாய் அதைத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே போடாது. அவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. முயல் குட்டி ரோமமில்லாமல், கண்ணும் காதும் மூடிய நிலையில் பிறக்கிறது. முதல் ஒரு வாரம் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள அதனால் முடியாது. மற்ற குட்டிகளோடு ஒட்டிக் கிடப்பதும், தாய் தன் மார்பிலிருந்தும் வயிற்றிலிருந்தும் பிய்த்துப் போட்ட ரோமமும்தான் அதற்குப் போர்வை. அதனால் இடம் மாற்றும்போது நாம் உண்மையில் மாற்றுவது கூட்டை. வைக்கோல், ரோமம், உள்ளே இருக்கும் சூடு, எல்லாம் சேர்ந்த கூடு. குட்டிகள் அதோடு வருகின்றன, தாய் அதைத் தேடி வருகிறாள். ஒரு கூண்டு இதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதை வைத்தே அதை மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

இந்தக் கூண்டில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்தப் பெட்டி தாழ்வாக உட்கார்ந்திருக்கும் விதம். பெரிய அறையின் தரையை விடப் பெட்டியின் அடிப்பலகை 10 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. பெட்டியின் உள்ளேயிருந்து பார்த்தால் வாசல் விளிம்பு 15 சென்டிமீட்டர் உயரம், சின்னக் குட்டி ஏறி வர முடியாது. வெளியே கூண்டுத் தரையிலிருந்து பார்த்தால் அதே விளிம்பு 5 சென்டிமீட்டர்தான். இது ஏன் முக்கியம் என்றால், குட்டிகள் கூட்டுக்கு வெளியே வருவது பெரும்பாலும் தானாக நகர்ந்து அல்ல. பால் குடித்துக்கொண்டிருக்கும்போது தாய் சட்டென்று குதித்து எழுந்தால், காம்பை விடாமல் பிடித்திருக்கும் குட்டி அவளோடு வெளியே இழுபட்டு வந்துவிடும். சாதாரணப் பெட்டியில், கூண்டுத் தரையில் விழுந்த அந்தக் குட்டிக்கு 15 சென்டிமீட்டர் சுவர் குறுக்கே நிற்கும். இதில் தட்டுத் தடுமாறி நகரும் குட்டி விளிம்பைத் தாண்டி உள்ளே உருண்டு விழ வாய்ப்பு இருக்கிறது. ஒரு விடியற்காலையில் ஒரு குட்டி இப்படி இழுபட்டு வெளியே வந்து, கொஞ்ச நேரம் தரையில் துழாவி, விளிம்பில் முட்டி, மறுபடி உள்ளே சறுக்கி விழுந்ததை நானே பார்த்தேன். அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லாவிட்டாலும் அது பிழைத்திருக்கும் என்பது எவ்வளவு நிம்மதி!

பெட்டியின் அளவும் சரியாக யோசித்திருக்கிறார்கள். 45 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம். வெள்ளச்சி உள்ளே போய்க் குட்டிகளின் மேல் நிற்கலாம், திரும்பலாம். படுத்து உறங்கும் அளவுக்கு இடம் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். பெட்டி பெரிதாக இருந்தால் தாய் அதையே படுக்கையாகவும் கழிப்பிடமாகவும் ஆக்கிக்கொள்வாள், கூடு ஈரமாகும், குட்டிகள் ஆளுக்கொரு மூலையில் சிதறும். மேல்பக்கம் பாதிதான் மூடியிருக்கிறது. உள்ளே இருட்டும் வேண்டும், மூச்சுக்காற்றின் ஈரம் வெளியேறவும் வேண்டும் என்பதால் இது நல்ல ஏற்பாடு. முழுக்கத் தகரத்தில் செய்த பெட்டிகளும் கிடைக்கின்றன. கழுவ எளிது என்றாலும் குளிரில் தகரம் சில்லிட்டு உள்பக்கம் நீர் கோத்துக்கொள்ளும். குட்டிகளுக்குப் பலகைதான் நல்லது.

கூண்டோடு ஒரு குறிப்புத் தாள் வந்தது. அதில் இரண்டு விஷயங்களை நான் ஏற்கவில்லை. முதலாவது, முயலை விடுவதற்கு முன் கூண்டைக் கிருமிநாசினி போட்டுக் கழுவச் சொல்கிறது. கழுவலாம், தப்பில்லை. ஆனால் அதைச் சில நாள் முன்பே செய்து, வெயிலில் காயவைத்து, அந்த மருந்து நெடி முழுக்கப் போன பிறகே தாயை விட வேண்டும். முயலின் உலகம் மூக்கால் ஆனது. புது இடத்தில் தாடையை எல்லா மூலையிலும் தேய்த்துத் தன் வாசத்தைப் பதிப்பதே அவளுக்கு முதல் வேலை. மருந்து நெடி அடிக்கும் கூண்டில் அவள் நிலைகொள்ள மாட்டாள். நான் கழுவிக் காயவைத்த கூண்டின் பெட்டிக்குள், பழைய கூண்டிலிருந்து எடுத்த வைக்கோலைக் கைநிறைய வைத்து நாலு பக்கப் பலகையிலும் அழுத்தித் தேய்த்தேன். அவளுடைய புழுக்கைகளில் கொஞ்சத்தை எடுத்து, எந்த மூலையை அவள் கழிப்பிடமாக்க வேண்டும் என்று நினைத்தேனோ அங்கே போட்டேன். அவளுடைய பழைய தண்ணீர்க் கிண்ணத்தையும் தீனித் தட்டையும் கழுவாமல் அப்படியே கொண்டுவந்து வைத்தேன்.

இரண்டாவது, மனிதக் கை பட்டால் தாய் குட்டிகளை ஒதுக்கிவிடும் என்று அந்தத் தாளில் அச்சடித்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு எத்தனை பேர் கூட்டைப் பார்க்கவே பயந்து, செத்த குட்டி உள்ளே கிடப்பது தெரியாமல் இருப்பார்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. நம்மோடு பழகிய வளர்ப்பு முயல் நம் கை வாசத்துக்காகக் குட்டியை விட்டுவிடாது. நாய், பூனையைத் தொட்ட கையோடு போகக் கூடாது, சோப்பு வாசம் தூக்கலாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். தொடுவதற்கு முன் அவளுடைய முதுகில் கையைத் தடவிவிட்டுத் தொட்டால் இன்னும் நல்லது. குட்டிகளைத் தினம் ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டும். செத்ததை எடுக்க, ஈரத்தை மாற்ற, யார் பால் குடிக்கவில்லை என்று கண்டுபிடிக்க வேறு வழி இல்லை.

மாற்றுவதற்குப் பகல் நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு தடவை, அதுவும் மூன்று முதல் ஐந்து நிமிடம் மட்டுமே பால் கொடுக்கும். பெரும்பாலும் இரவிலோ விடியும் நேரத்திலோ. மற்ற நேரம் கூட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகாது. புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டுத் தாய் கைவிட்டுவிட்டாள் என்று பதறுகிறார்கள். எதிரி மோப்பம் பிடித்து வந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவள் தள்ளி இருக்கிறாள். பால் அவ்வளவு கெட்டியானது என்பதால் அந்தச் சில நிமிடமே போதும். ஆக, விடியற்காலையில் பால் கொடுத்து முடித்த பிறகு, வயிறு நிறைந்த குட்டிகளை மாற்றினால், அடுத்த வேளை வரும்வரை தாய்க்குப் புது இடத்தைப் பழகிக்கொள்ள முழுப் பகலும் கிடைக்கிறது.

பழைய கூண்டின் பெட்டி இந்தப் புதுக் கூண்டின் சின்ன அறைக்குள் நுழையவில்லை, அகலம் கொஞ்சம் கூடுதல். அதனால் கூட்டை மட்டும் பெயர்த்து எடுக்க வேண்டியிருந்தது. முதலில் புதுப் பெட்டியை வெளியே இழுத்து, பழைய பெட்டியின் பக்கத்தில் தரையில் வைத்துக்கொண்டேன். அடியில் மரச்சீவல் ஒரு படுக்கை, அதன்மேல் காய்ந்த வைக்கோலைப் போட்டு நடுவில் கையால் குழி செய்தேன். தேவதாரு மாதிரி வாசனை தூக்கலான மரத்தின் சீவல் வேண்டாம், குட்டிகளின் மூச்சுக்கு ஆகாது. அப்புறம் ஒரு தடித்த அட்டையைப் பழைய கூட்டுக்கு அடியில் மெதுவாகச் செருகினேன். ரோமம், வைக்கோல், அதற்குள் புதைந்து கிடந்த ஏழு குட்டி, எல்லாம் ஒரே கட்டாக மேலே வந்தது. அதைப் புதுப் பெட்டியின் குழிக்குள் இறக்கி, அட்டையை உருவி எடுத்தேன். குட்டிகள் கொஞ்சம் சிலிர்த்து நெளிந்தன, மேலே ரோமத்தை இழுத்து மூடியதும் அடங்கிவிட்டன. ஈரமாக இருந்த அடி வைக்கோலை மட்டும் விட்டுவிட்டேன். மேல்பக்கத்து ரோமத்தில் ஓர் இழையைக்கூடத் தூக்கி எறியவில்லை.

பெட்டியை உள்ளே தள்ளினால் அது போய் உட்கார்வது அருமை. ஓரத்தில் இரண்டு மரச் சட்டங்கள் தண்டவாளமாக இருக்கின்றன. ஆட்டமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய், கடைசியில் மெத்தென்று நிற்கிறது. குட்டிகள் அதிரவே இல்லை. சாதாரணக் கூண்டில் இதே பெட்டியைக் கதவு வழியாகச் சாய்த்து, தாயை ஒரு பக்கம் ஒதுக்கி, உள்ளே வைக்க வேண்டியிருந்திருக்கும்.

தாயைக் கடைசியாகத்தான் கொண்டுவந்தேன். தோளுக்கடியில் ஒரு கை, பின்னங்கால்களுக்கு அடியில் ஒரு கை. பின்னங்கால்களைத் தாங்காமல் தூக்கினால் முயல் உதறும் உதறலில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும். காதைப் பிடித்துத் தூக்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், செய்யவே கூடாது. பின்பக்கம் முதலில் உள்ளே போகும்படி விட்டேன். முன்பக்கமாக விட்டால் தரையைப் பார்த்ததும் கையிலிருந்து பாய்ந்து எங்காவது மோதிக்கொள்ளும்.

அவள் உள்ளே போனதும் தரையைப் பின்னங்காலால் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். அது பயத்தின் அறிகுறி. அப்புறம் மூலை மூலையாக மோப்பம் பிடித்தாள், தாடையைத் தேய்த்தாள், தண்ணீர்க் கிண்ணத்தைக் கண்டதும் கொஞ்சம் நின்றாள். ஆனால் பெட்டியின் பக்கம் போகவே இல்லை. என் தங்கை கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, இவ உள்ளயே எட்டிப் பார்க்க மாட்டேங்கிறாளே, பால் குடுப்பாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நாம் அங்கே உட்கார்ந்திருக்கும்வரை போக மாட்டாள் என்று சொல்லி அவளை எழுப்பி அழைத்துக்கொண்டு வந்தேன். கூண்டின் முன்பக்கத்தில் ஒரு மெல்லிய துணியைத் தொங்கவிட்டு, மற்ற பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து வைத்தேன். முதல் இரவு முயல் பயந்தால் ஒளிந்துகொள்ள இருட்டான இடத்தைத் தேடும். அங்கே இருக்கும் ஒரே இருட்டு ஈனும் பெட்டிதான். திடீர்ச் சத்தத்துக்கு அவள் அதற்குள் பாய்ந்தால் குட்டிகள் மிதிபடும். அதனால் பெரிய அறையிலேயே ஒரு பக்கம் சாய்வாகப் பலகை ஒன்றை வைத்து, அவள் ஒதுங்கிக்கொள்ள ஒரு மறைவு செய்தேன். இந்தக் கூண்டில் அப்படி ஒரு மறைவிடம் தனியாக இல்லை. கட்டாயம் இருந்திருக்க வேண்டிய ஒன்று.

இடம் மாறினால் குட்டிகள் பால் குடிக்கக் குழம்புமோ என்ற பயம் பலருக்கு உண்டு. குழம்பாது. தாய் முயலின் பாலிலிருந்து எழும் ஒரு வாசம்தான் கண் தெரியாத குட்டியைக் காம்புக்கு இழுத்துச் செல்கிறது. அந்த வாசத்துக்குக் காரணமான பொருள் 2-மெத்தில்பியூட்-2-ஈனால் என்று 2003இல் பெனுவா ஷால் என்பவரின் தலைமையிலான ஆய்வுக்குழு கண்டறிந்தது. அந்தப் பொருளைத் தனியாக முகரக் கொடுத்தாலே குட்டி தலையைத் துழாவி வாயைத் திறக்கிறது. ஆகவே கூண்டு எங்கே இருந்தாலும், தாய் வந்து மேலே நின்றுவிட்டால் மற்றதைக் குட்டிகள் பார்த்துக்கொள்ளும். நாம் கவலைப்பட வேண்டிய ஒரே விஷயம், அவள் பெட்டிக்குள் இறங்குகிறாளா என்பது.

மறுநாள் காலையில் இறங்கியிருந்தாள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த இழுப்பறை அமைப்பு அவ்வளவு உதவியது. தாய்க்கு ஒரு கைப்பிடி புல்லைப் போட்டு அவள் கவனத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, இந்தப் பக்கமிருந்து பெட்டியை இழுத்தேன். குட்டிகளின் வயிறு உப்பி, தோலுக்கு அடியில் பால் வெள்ளையாகத் தெரிந்தது. பால் குடிக்காத குட்டியின் வயிறு ஒட்டி, தோல் சுருங்கித் தொளதொளவென்று இருக்கும், தொட்டால் துள்ளாமல் சோர்ந்து கிடக்கும். கண்ணால் பார்த்தாலே வித்தியாசம் தெரியும் என்றாலும் நான் தராசும் வைத்தேன். இது இந்தக் கூண்டில் எனக்குக் கிடைத்த இன்னொரு வசதி. பெட்டியை அப்படியே எடைத் தராசில் வைக்கலாம், குட்டிகளைத் தனித்தனியாகத் தூக்கிக் குளிரவைக்க வேண்டியதில்லை. பிறக்கும்போது 50, 60 கிராம் இருக்கும் குட்டி ஒரு வாரத்தில் இரட்டிப்பாக வேண்டும். அப்படியானால் ஒரு குட்டிக்கு நாளுக்கு 7 முதல் 9 கிராம், ஏழு குட்டிக்குச் சுமாராக 50 முதல் 60 கிராம். பெட்டியின் மொத்த எடை தினமும் அந்த அளவில் ஏறிக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

ஒருவேளை தாய் இறங்காவிட்டால் என்ன செய்வது? அதற்கும் இந்தக் கூண்டில் வழி இருக்கிறது. இரண்டு அறைக்கும் நடுவே மேலே தூக்கும் தடுப்புத் தகடு ஒன்று உண்டு. தாயைப் பெட்டிக்குள் விட்டுத் தகட்டை இறக்கிச் சில நிமிடம் விட்டால், பெரும்பாலான தாய்கள் நின்று பால் கொடுத்துவிடும். காலையிலும் மாலையிலும் இப்படிச் செய்யலாம். எனக்கு அந்தத் தேவை வரவில்லை.

ஆனால் அந்தத் தகட்டைப் பற்றி ஒரு பெரிய குறை சொல்ல வேண்டும். இரும்புத் தகடு, இரும்புக் காடியில் ஏறி இறங்குகிறது. இறக்கும்போது கை தவறினால் டமாரென்று விழுகிறது. முயலுக்கு அதைவிடப் பெரிய கொடுமை இல்லை. வாங்குபவர்கள் வெளிப்பக்கமாக, முயலின் பல் எட்டாத இடத்தில், காடியின் அடியில் ஒரு ரப்பர்த் துண்டை ஒட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன், சத்தம் முழுக்க அடங்கிவிட்டது. இவ்வளவு யோசித்துப் பெட்டியைச் செய்தவர்கள் இதையும் யோசித்திருக்கலாம்.

கதவுக் கொண்டி உறுதியாக இருக்கிறது. கம்பிவலையை வெட்டிய ஓரங்கள் சில இடத்தில் கூராக நின்றன, அரத்தால் தேய்த்து எடுத்தேன். விரலைச் சுற்றிலும் ஓட்டிப் பார்த்தால் எங்கே குத்துகிறது என்று தெரிந்துவிடும். முயலை விடுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

தரை வலை நன்றாக இருக்கிறது. 14 கேஜ் கனமுள்ள கம்பி, கண் அளவு 12 மில்லிமீட்டருக்கு 25. புழுக்கை கீழே விழும், பாதம் உள்ளே போகாது. பக்கச் சுவர்களில் கண் பெரிது, 25க்கு 50. அந்த இடைவெளியில் சின்னக் குட்டி நுழைந்து வெளியே விழுந்துவிடும். இதைத் தெரிந்துதானோ என்னவோ, சுவரின் கீழ்ப்பகுதி 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தரையைப் போலவே நெருக்கமான வலை போட்டிருக்கிறார்கள். வாங்கும்போது எல்லாரும் பார்க்க வேண்டிய இடம் இது. பார்க்காமல் வாங்கினால் ஒரு காலையில் குட்டி கூண்டுக்கு வெளியே கிடக்கும். என்னதான் நல்ல வலையாக இருந்தாலும் முழு நேரமும் கம்பியில் நின்றால் முயலின் பின்பாதம் ரோமம் தேய்ந்து புண்ணாகும். உடம்பு கனமான தாய்க்கு இன்னும் சீக்கிரம். பாதித் தரைக்கு ஒரு பலகையோ பாயோ போட வேண்டும். கூண்டோடு அது வருவதில்லை.

கீழ்த்தட்டு பரவாயில்லை. முன்பக்கமாக இழுத்துச் சுத்தம் செய்யலாம். தினமும் சுத்தம் செய்யாவிட்டால் எழும் அம்மோனியா நெடி முயலின் மூச்சைக் கெடுக்கும் என்பதால், தட்டு எவ்வளவு எளிதாக வருகிறது என்பதும் பார்க்க வேண்டியதே. கூடவே வந்த நிப்பிள் தண்ணீர்ப் புட்டியை நான் ஒதுக்கி வைத்துவிட்டேன். பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணீர் மிக அதிகம் தேவை. சொட்டுச் சொட்டாக வரும் நிப்பிளை விடக் கவிழாத கனத்த கிண்ணம்தான் அவளுக்குச் சரி. புட்டியில் பழகிய முயலாக இருந்தால் இரண்டையும் வையுங்கள். எறும்பு வராமல் இருக்கக் கூண்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துவது அவசியம். கண் திறக்காத குட்டிகளை எறும்புக் கூட்டம் கொன்றுவிடும். இந்தக் கூண்டின் கால்கள் குறுகலாக இருப்பதால் அது எளிது.

குட்டிகள் மூன்றாவது வாரத்தில் பெட்டியை விட்டு வெளியே வர ஆரம்பித்தபோது, அந்த 5 சென்டிமீட்டர் விளிம்பு மறுபடி கைகொடுத்தது. வெளியே வந்து வைக்கோலைக் கடித்துப் பார்ப்பார்கள், அம்மாவின் தீனித் தட்டுக்குள் ஏறி உட்காருவார்கள், களைத்தால் தாங்களே உள்ளே இறங்கிவிடுவார்கள். யாரையும் தேடிப் பிடித்து உள்ளே விட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இந்தப் பருவத்தில்தான் இடம் போதாமல் போகிறது. பெரிய அறை 90 சென்டிமீட்டருக்கு 60. வெள்ளச்சிக்கும் கண் திறக்காத குட்டிகளுக்கும் தாராளம். நான்கு வாரம் ஆன ஏழு குட்டிகள் அவள் மேல் ஏறிக் குதிக்கும்போது பாவம், அவளுக்கு ஒதுங்க இடமில்லை. தினமும் சில மணி நேரம் அவளைத் தனியாக வெளியே ஓடவிட வேண்டும். பிரிட்டனின் முயல் நல அமைப்பு ஒரு ஜோடி முயலுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் இடம் கேட்கிறது. அந்த அளவோடு ஒப்பிட்டால் இதைக் குட்டி வளர்க்கும் சில வாரங்களுக்கான கூண்டு என்று மட்டுமே சொல்ல முடியும். நிரந்தர வீடாக யாரும் வாங்க வேண்டாம்.

சின்ன அறையை ஆண் முயலுக்கும் பயன்படுத்தலாம் என்று விற்பனைப் படத்தில் காட்டுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். குட்டி போட்ட அன்றே தாய் மறுபடி சினை பிடிக்கக்கூடியவள். நடுத் தகடு ஒரு தடவை திறந்திருந்தாலே போதும், பால் கொடுத்துக்கொண்டே அடுத்த சினையையும் அவள் சுமக்க வேண்டி வரும்.

குட்டிகளைப் பிரிக்கும் நேரத்தில் இந்தக் கூண்டு மறுபடி நன்றாக உதவியது. அப்போது மாற்ற வேண்டியது தாயை, குட்டிகளை அல்ல. பால் மறக்கும் வாரங்களில் குட்டிகளின் வயிறு மிக எளிதில் கெடும். அந்தச் சமயத்தில் இடமும் மாறி, தீனியும் மாறினால் கழிச்சல் வந்து ஓரிரு நாளில் இறந்துவிடும். பழகிய கூண்டில், பழகிய தீனியோடு குட்டிகளை விட்டுவிட்டுத் தாயை வேறு கூண்டுக்கு எடுத்தேன். முதலில் பகலில் மட்டும், அப்புறம் இரவிலும். அப்படிப் படிப்படியாகப் பிரித்தால் அவளுக்கும் மடி கட்டாமல் பால் வற்றும். வீட்டில் வளர்க்கும் குட்டிகளை எட்டு வாரம்வரை தாயோடு விடுவது நல்லது என்பது என் கட்சி. சீக்கிரம் பிரிப்பவர்கள்கூட ஐந்து வாரத்துக்கு முன் பிரிக்க வேண்டாம்.

பெட்டியின் அடிப்பலகைதான் இந்தக் கூண்டில் முதலில் கெடக்கூடிய பாகம். பிளைவுட்டில் சிறுநீர் ஊறி ஓரம் உப்ப ஆரம்பித்துவிட்டது. அடியில் நான்கு சின்னத் துளைகள்தான் இருக்கின்றன, போதாது. இன்னும் சில துளைகள் போட்டேன், ஒவ்வொரு ஈற்றுக்குப் பிறகும் கூட்டைக் கொட்டி, சுரண்டிக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைக்கிறேன். இருந்தாலும் நெடுநாள் தாங்காது. தயாரித்தவர்கள் பெட்டியைத் தனியாக விற்பதில்லை. கேட்டுப் பார்த்ததற்கு முழுக் கூண்டாகத்தான் கிடைக்கும் என்றார்கள். தச்சரிடம் கொடுத்துச் செய்துகொள்ள நினைப்பவர்களுக்காக: வெளி அளவு 45, 30, 30 சென்டிமீட்டர், வாசல் விளிம்பு அடிப்பலகையிலிருந்து 15, இரண்டு பக்கமும் தண்டவாளத்தில் உட்காரும் சட்டம் அடியிலிருந்து 12 சென்டிமீட்டர் உயரத்தில். பலகை, பிளைவுட்டைப் போல ஒட்டிச் செய்ததாக இல்லாமல், பெயின்ட் பூசாத கட்டி மரமாக இருக்கட்டும், ஏனென்றால் அதை அவள் கட்டாயம் கடித்துப் பார்ப்பாள்.